நடை சாத்தியாச்சு, சாப்பாடு எங்கே?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வருகிறவர்கள் ஒரு வேளை நல்ல சோற்றுக்கு ஏன் இவ்வளவு அலைகிறார்கள்?

உச்சிகால பூஜை முடிந்துவிட்டது. நடராஜர் கோயில் கீழ சன்னதி வழியாக வெளியே வரும் கூட்டம் கருங்கல் சூடு தாங்காமல் நிழலைப் பார்த்து ஓடுகிறது. செருப்பு விட்ட இடத்தில் டோக்கனைக் கொடுத்துவிட்டு நிற்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே பாதிப் பேர் கையில் செல்போன். வேனில் வந்த ஒரு குடும்பம் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறது. பாட்டிக்குச் சர்க்கரை, சாப்பிட்டு மாத்திரை போட்டாக வேண்டும். பேரனுக்கு ஃபிரைடு ரைஸ் வேண்டும். மாலை போட்டிருக்கும் மருமகன் சுத்த சைவம் தவிர வேறெங்கும் உட்கார மாட்டார். செல்போன் மூன்று பெயர்களைக் காட்டுகிறது. மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். கடைசியில் பாட்டி தான் பூக்கார அம்மாவிடம் போய்க் கேட்கிறார்: "இங்க நல்ல ஹோட்டல் எதுங்கம்மா?" பூக்கார அம்மா உடனே பதில் சொல்லவில்லை. "சைவமா, அசைவமா? டிபனா, சாப்பாடா?" என்று திருப்பிக் கேட்கிறார்.

செல்போன் கேட்காத கேள்விகள் அவை.

சிதம்பரத்தில் எங்கே சாப்பிடுவது என்பதைக் கோயில் மணி தான் பெருமளவு தீர்மானிக்கிறது. காலையில் திறக்கும் நடை நண்பகலில் சாத்தப்படும். மறுபடி திறக்க மாலை ஆகிவிடும். அதனால் தரிசனத்துக்கு வந்த அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நான்கு ரத வீதிகளிலும் வந்து விழுகிறார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்துத் திரும்புகிறவர்கள், வைத்தீஸ்வரன்கோயில் போகிற வழியில் இறங்கியவர்கள், நவக்கிரகச் சுற்றுலா வேன்கள் எல்லாம் அதே ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரும். சுமாரான ஹோட்டல் அந்த நேரத்தில் திணறும். நல்ல ஹோட்டலும் திணறும். முதல் பந்திக்கு இறக்கிய சாம்பாரில் பருப்பு கண்ணுக்குத் தெரியும்; மூன்றாம் பந்தியில் தண்ணீர்தான் தெரியும். கூட்டு தீர்ந்து, அவசரமாக வதக்கிய முட்டைக்கோஸ் இலைக்கு வரும். ஒரே கடைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரமும் இன்னொருவர் ஒரு நட்சத்திரமும் போடுவதற்கு இதுதான் காரணம். இரண்டு பேரும் உண்மையைத்தான் எழுதுகிறார்கள். சாப்பிட்ட மணி வேறு.

காலை ஏழு மணிக்கே தரிசனம் முடித்து, டிபன் சாப்பிட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இலை போட ஆரம்பிக்கும் பதினொன்றரைக்கே போய் உட்காருகிறவர் அதே கடையில் அருமையாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார். மூன்று மணிக்குமேல் வந்தால் சாப்பாடும் இருக்காது, மாலை டிபனும் ஆரம்பித்திருக்காது. மாவு புளித்து, அடுப்பு தணிந்து, மாஸ்டர் கண்ணயரும் நேரம் அது. அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டு "சிதம்பரத்தில் ஒரு நல்ல ஹோட்டல்கூட இல்லை" என்று சொல்கிறவர்கள் நிறைய. எனக்கு அவர்கள்மேல் வருத்தம் இல்லை. வெளியூர்க்காரருக்கு இதையெல்லாம் யார் சொல்லியிருக்கிறார்கள்?

ஊரின் பெயரைச் சுமக்கும் கொத்சு

என் வருத்தம் வேறு. சிதம்பரம் என்ற பெயரோடு தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஒரு பண்டம் உண்டென்றால் அது கொத்சு. சென்னையில், கோவையில், டொரண்டோவில் கூட "சிதம்பரம் கொத்சு" என்று சொல்லிச் சமைக்கிறார்கள். ஆனால் சிதம்பரத்துக்கு வருகிற ஒருவர் நாலு வீதியும் நடந்தால், பலகையில் பெரிய எழுத்தில் அவர் கண்ணில் படுவது நூடுல்ஸும் பனீர் பட்டர் மசாலாவும் தந்தூரியும். கொத்சைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. சில கடைகளில் இட்லியோடு வைக்கிறார்கள், சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது, கேட்டால்தான் தருவார்கள். பல இடங்களில் அந்தப் பெயரில் வருவது வெங்காயமும் தக்காளியும் பாசிப்பருப்பும் போட்ட வேறொரு கொத்சு. அதுவும் ருசிதான். ஆனால் தில்லையின் கொத்சு அது இல்லை.

உண்மையான கொத்சுக்கு வெங்காயம் கிடையாது. பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில், அவசரப்படாமல், சதை முழுதும் குழைந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும் வரை வதக்க வேண்டும். தனியா, மிளகாய் வற்றல், கடலைப்பருப்பு, பெருங்காயம் இவற்றை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடிப்பார்கள். கத்தரிக்காய் மசிந்ததும் புளிக்கரைசல். பச்சை வாசம் போகக் கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரியும்போது பொடியைத் தூவி இறக்குவார்கள். கரண்டியால் எடுத்தால் தளதளவென்று சரிய வேண்டும், ஓடக்கூடாது. முதலில் நாக்கில் படுவது புளிப்பு, பிறகு வறுத்த தனியாவின் மணம், விழுங்கிய பிறகுதான் காரம். இதற்குச் சாதாரணச் சாதம் ஜோடியில்லை. நெய்யும் மிளகும் சீரகமும் மட்டும் சேர்த்த சம்பா சாதம்தான் ஜோடி.

இதை ஹோட்டலில் செய்ய முடியாதா? முடியும். ஆனால் நல்லெண்ணெய் செலவு அதிகம், அடுப்பருகே ஆள் நிற்க வேண்டும், கேட்பவர் குறைவு. வெளியூர்க்காரர் சாம்பாரும் இரண்டு சட்னியும் வந்தால் திருப்தியாகிவிடுகிறார். உள்ளூர்க்காரருக்கு வீட்டிலேயே கொத்சு உண்டு. ஹோட்டலுக்கு அவர் வருவது வீட்டில் இல்லாததைச் சாப்பிட. இப்படி இருவருக்கும் நடுவே ஊரின் சமையல் ஊரின் ஹோட்டலிலிருந்து நழுவிவிடுகிறது.

பெட்டிச் செய்தி: தில்லையின் அடுப்படி

• சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் நடராஜருக்கு நைவேத்தியமாகப் படைக்கப்படுபவை. கோயில் பூஜையை நடத்தும் தீட்சிதர் குடும்பங்களின் சமையலில் இரண்டுக்கும் நிலையான இடம் உண்டு.
• மார்கழித் திருவாதிரை அன்று களி. வெல்லமும் வறுத்த அரிசி ரவையும் பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்தது. தொட்டுக்கொள்ளப் பல காய்கள் போட்ட குழம்பு. சேந்தனார் வீட்டுக் களியை இறைவன் உண்டதாகச் சொல்லும் கதையோடு சேர்ந்த பண்டம் இது.
• ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம், மகா சிவராத்திரியை ஒட்டி வரும் நாட்டியாஞ்சலி மூன்றும் ஊரில் அறைகள் நிரம்பும் நாள்கள். நாட்டியாஞ்சலி 1981 முதல் நடக்கிறது. இந்த நாள்களில் வருகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தை ஒரு மணி முன்னதாக வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு இலை போட்டார்கள்?

"நல்ல ஹோட்டல் எது?" என்ற கேள்வியை எல்லோரும் சரிசமமாகக் கேட்கும் காலம் வந்து அதிக நாள் ஆகவில்லை.

1870களில் சென்னையிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாகத் தஞ்சாவூர் நோக்கி ரயில் வந்தது. அதற்கு முன் யாத்திரை வந்தவர்கள் கட்டுச்சோறும் சத்திரமும் நம்பி வந்தார்கள். சத்திரங்கள் பலவும் இன்ன சாதிக்கு என்று எழுதி வைத்தவை. ரயிலோடு காப்பி கிளப்புகளும் சிற்றுண்டிச் சாலைகளும் வந்தன. காசு கொடுத்தால் சோறு என்ற புதுமை வந்தது, ஆனால் உள்ளே பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் எந்த இடமும் இல்லை. பெரியாரும் அவர் இயக்கமும் தொடர்ந்து எதிர்த்ததன் பிறகு 1941-ல்தான் ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் அந்தத் தடுப்பு எடுக்கப்பட்டது. 1950-ல் அரசியலமைப்பின் 15-வது பிரிவு கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, மத, பால் அடிப்படையில் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில், பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடக்க வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இன்னும் பின்னால் வரை நீடித்தது.

சிதம்பரத்தில் இதைச் சொல்லாமல் போக முடியாது. நந்தனார் வெளியே நின்ற ஊர் இது. 1916-ல் சுவாமி சகஜானந்தா ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கிய ஊரும் இதுதான். இன்று கீழவீதி மெஸ் ஒன்றில் யாரும் யாரையும் கேட்காமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வாளி சாம்பாரை வாங்கிக்கொள்வது சும்மா கிடைத்ததில்லை. நல்ல ஹோட்டலுக்கான முதல் தகுதி ருசி என்று பலர் சொல்வார்கள். வாசலில் யாரும் தயங்கி நிற்காத கடை என்பதை நான் அதற்கு முன்னால் வைப்பேன்.

நட்சத்திரம் என்ன செய்தது?

செல்போன் வரைபடம் வருவதற்கு முன் வெளியூர்க்காரர் ஆட்டோக்காரரையும் லாட்ஜ் மேனேஜரையும் கேட்டார். அவர்கள் சிலசமயம் கமிஷன் தரும் கடையைக் கைகாட்டினார்கள். அதிலிருந்து விடுபட மதிப்பெண்கள் உதவின என்பதை மறுக்க முடியாது. பெண்கள் தனியாக வரும்போது, கழிப்பறை இருக்கிறதா, குடும்பத்தோடு உட்கார முடியுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது பெரிய வசதி.

ஆனால் விளைவுகளையும் பார்க்க வேண்டும். ரிவ்யூக்களை உட்கார்ந்து படித்தால், அவற்றில் பெரும்பகுதி ஏசி இருக்கிறதா, கார் நிறுத்த இடம் உண்டா, சர்வர் சிரித்தாரா என்பதைப் பற்றியவை. குழம்பைப் பற்றி ஒரு வரி வந்தால் அதிகம். அதனால் கார் நிறுத்த முடியாத சந்தில், பெயர்ப்பலகைகூட மங்கிப்போன மெஸ் வரைபடத்தில் கீழே போய்விடுகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியதிலிருந்து மாணவர்களை நம்பி வளர்ந்தது சிதம்பரத்தின் மெஸ் பழக்கம். மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடும் மாணவர் ரிவ்யூ எழுத மாட்டார். மறுநாள் வருவதுதான் அவர் போடும் மதிப்பெண். அந்தக் கணக்கு எந்த வரைபடத்திலும் ஏறாது.

மதிப்பெண்ணை விலைக்கு வாங்கும் வேலையும் நாடு முழுக்க நடக்கிறது. இந்திய தர நிர்ணய அமைப்பு 2022-ல் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவர வேண்டி வந்தது அதனால்தான்.

இன்னொரு விளைவு மெனுவில் தெரிகிறது. எல்லா ஊர்க்காரரும் தேடும் பெயர்கள் இருந்தால்தான் தேடலில் கடை மேலே வரும் என்று நம்பி, நாற்பது இருக்கை உள்ள கடைகள் நூற்றுக்கும் மேற்பட்ட பதார்த்தங்களை அட்டையில் போடுகின்றன. அவ்வளவையும் அன்றன்று புதிதாகச் செய்ய எந்தச் சமையலறையாலும் முடியாது. பாதி ஃபிரீசரிலிருந்து வரும், மீதி ஒரே கிரேவியில் பெயர் மாற்றி வரும். வெளியூரில் அட்டை எவ்வளவு சிறியதோ அவ்வளவு தைரியமாக உட்காரலாம். "இன்னைக்கு இதான் இருக்கு" என்று சர்வர் வாயால் சொல்லும் கடையை நான் அட்டை நீட்டும் கடையைவிட அதிகம் நம்புகிறேன்.

கடலூர்: மீன் எங்கிருந்து வந்தது?

சிதம்பரத்திலிருந்து வடக்கே சுமார் 45 கிலோமீட்டர். கடலூருக்கு வருகிறவர் வேறு மாதிரி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ் வருகிறவர், கோர்ட்டுக்கு வருகிறவர், திருவந்திபுரத்தில் கல்யாணம் பார்க்க வருகிறவர், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிறவர். மஞ்சக்குப்பத்தில் மனுவோடு வருகிறவருக்குக் கையில் காசு குறைவு. அங்கே எந்தக் கடையில் கூட்டம் என்று பார்த்தாலே விலையும் அளவும் சரியாக இருக்கும் இடம் தெரிந்துவிடும். டிபனுக்குத் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நிறைய இடம் உண்டு.

கடலூருக்கு வந்து மீன் சாப்பிடாமல் போகக் கூடாது என்பார்கள். சரி. எந்த மீன்?

முதுநகர் துறைமுகத்தில், ஊரார் பேச்சில் ஓ.டி.யில், விடியும் முன்பே படகுகள் வந்து சேரும். கூடை கூடையாக மத்தி, கானாங்கெளுத்தி, சங்கரா, கிழங்கான், நெத்திலி. கொஞ்சமாக வஞ்சிரம், வவ்வால். ஏலம் நடக்கும்போதே விலை உயர்ந்தவை ஐஸ் பெட்டிக்குள் போய் லாரி ஏறிவிடும். ஊரில் தங்குவது பெரும்பாலும் விலை குறைந்த மீன், முள் அதிகமான மீன். ருசியும் அதில்தான் அதிகம். நல்ல மீன் சாப்பிடத் தெரிந்தவர் கடலூரில் வஞ்சிரம் வறுவலைக் கேட்க மாட்டார். "இன்னைக்கு ஓ.டி.யில என்ன வந்துச்சு?" என்று கேட்பார். சங்கரா வந்திருந்தால் சங்கரா, கிழங்கான் வந்திருந்தால் கிழங்கான். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் மார்க்கெட்டுக்குத் தானே போகிறவர். "எல்லாம் இருக்கு சார்" என்ற பதில் வந்தால் சைவச் சாப்பாடு சொல்லிவிடலாம்.

தட்டுக்கு வந்த பிறகும் கண்டுபிடிக்க வழி உண்டு. புது மீன் வெந்ததும் சதை பட்டைபட்டையாக, ஈரத்தோடு பிரியும். முள்ளை விட்டு முழுதாகக் கழன்று வரும். நாள்பட்டது பொடிப்பொடியாக உதிரும், இல்லையென்றால் பஞ்சு மாதிரி சவசவவென்று இருக்கும். மசாலாவைச் சிவக்கப் பூசி, கலர் சேர்த்து, எண்ணெயில் முறுக விட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். குழம்பில் மறைக்க முடியாது. அதனால் புதிய கடையில் முதலில் மீன் குழம்பு கேளுங்கள், வறுவல் அப்புறம்.

பெட்டிச் செய்தி: தடைக்காலத்தில் தட்டில் என்ன?

• தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். முன்பு 45 நாள்களாக இருந்தது 2017-ல் 61 ஆனது.
• நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. கரையோரம் பிடிபடும் மீன் அப்போதும் வரும். அளவு குறைவு, விலை அதிகம்.
• பள்ளி விடுமுறைச் சுற்றுலா உச்சத்தில் இருப்பது இதே காலம். இந்த மாதங்களில் ஹோட்டலில் வரும் பெரிய மீன் கேரளக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாகவோ, குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.
• இந்த நாள்களில் கழிமுகத்து மீன்களான மடவை, கொடுவா, ஆற்று இறால், நண்டு இவற்றைக் கேட்கலாம்.

ஊருக்குள் வராத சாலை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலை நாலு வழியாகிறது. கடலூரின் நெரிசலிலும் சிதம்பரத்தின் குறுகிய தெருக்களிலும் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ஊருக்குள் நுழையாமல் போகும் கார், ஊரின் மெஸ்ஸில் சாப்பிடாமலும் போகும். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலைகளில் இது ஏற்கெனவே நடந்த கதை: சாலையோரம் பெரிய வளாகம், நாற்பது கார் நிறுத்தும் இடம், ஒரே மாதிரியான சுவரொட்டி, எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாத சாப்பாடு.

பஸ்ஸில் வருகிறவருக்கு அந்தத் தேர்வுகூட இல்லை. இரவு பஸ் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சாப்பிட வேண்டும். வெளியே பத்து ரூபாய்க்குக் கிடைப்பதற்கு அங்கே இருமடங்கு. பாட்டில் தண்ணீரிலிருந்து கழிப்பறை வரை கூடுதல் காசு. பயணிகள் பல்லாண்டுகளாகச் சொல்லும் புகார் இது. குழந்தையோடு வருகிற பெண், நீரிழிவோடு வருகிற பெரியவர் ஆகியோருக்கு இது வெறும் காசுப் பிரச்சினை இல்லை. பஸ் நிற்கும் இடத்தின் தரத்தையும் விலையையும் போக்குவரத்துக் கழகம் திடீர் சோதனை செய்து, குறை இருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும். பயணி இறங்கிப் போய் வேறு கடை தேட முடியாத இடத்தில் விலைக்குப் போட்டியே கிடையாது.

தேர்வு இல்லாதவர்கள்

நல்ல ஹோட்டல் பற்றிப் பேசும்போது சுற்றுலா வருகிறவரை மட்டும் நினைக்கிறோம். அண்ணாமலைநகர் மருத்துவமனை வாசலில் ஒரு நாள் நின்று பார்த்தால் வேறொரு வெளியூர்க்காரர் தெரிவார். முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசின் கடலூர் மருத்துவக் கல்லூரியாகிவிட்ட அந்த மருத்துவமனைக்குக் காட்டுமன்னார்கோயில், புவனகிரி, சீர்காழி பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு ரொட்டியும் பாலும் கிடைக்கும். கூட வந்தவர் வாரக்கணக்கில் வெளியே சாப்பிட வேண்டும். அவருக்குத் தேவை பெரிய பட்டியல் இல்லை: வயிற்றைக் கெடுக்காத இட்லி, ரசம் சாதம், பார்சலில் கஞ்சி. விடிகாலை ஐந்தரைக்கும் இரவு பத்துக்கும் கிடைக்க வேண்டும். இதைச் செய்யும் தள்ளுவண்டிக்கார அக்காக்கள்தான் ஊரில் மிக அதிகமான வெளியூர்க்காரருக்குச் சோறு போடுகிறார்கள். எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது.

இதே மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் பதில் வைத்தார். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார் இராமலிங்கர், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்படுகிறது. வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் இன்றும் சோறு போடுகிறார்கள். சாம்பார் சாதமோ ரசமோ, சூடாக, தரையில் உட்கார்ந்து. கடலூரிலிருந்து நெய்வேலி போகும் வழியில் வடலூரைத் தாண்டுகிறவர்கள், வசதி இருந்தாலும், ஒரு முறை அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முடிந்தால் ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிட்டு வர வேண்டும்.

பெட்டிச் செய்தி: சாப்பிடுகிறவரின் உரிமை

• 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தள்ளுவண்டி முதல் ஸ்டார் ஹோட்டல் வரை பதிவோ உரிமமோ வேண்டும். 14 இலக்க எண்ணைக் கடையில் வைக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அச்சிட வேண்டும்.
• வடை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துத் தரக் கூடாது. அச்சு மை உடலுக்குக் கேடு.
• தட்டின்மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய டீ கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சூடான சாம்பார் பிளாஸ்டிக் பையில் வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம்.
• பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் இதை உறுதி செய்தது.
• ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது.
• தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பில் புகார் அனுப்ப: 94440 42322.

பிச்சாவரம் இறால் யார் தட்டுக்குப் போகிறது?

சிதம்பரத்துக்கு வருகிறவர்கள் தவறாமல் போகும் இன்னொரு இடம் பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு ஏறி, 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' எடுத்த இடம் எது என்று படகோட்டியைக் கேட்டு, படம் எடுத்துக்கொண்டு, பசியோடு கரையேறுவார்கள். சுற்றிலும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலும் கலக்கும் நீர். இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் விளையும் நீர். கரையேறியதும் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது பஜ்ஜியும் குளிர்பானமும் சிப்ஸும்.

அந்தக் காட்டுக்குள் காலை நேரத்தில் தண்ணீரை உற்றுப் பார்த்தால், கழுத்தளவு நீரில் மெதுவாக நகரும் தலைகள் தெரியும். இருளர் பெண்களும் ஆண்களும் வேர்களுக்கு நடுவே சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, அகப்படும் இறாலை ஒவ்வொன்றாக அதற்குள் போடுவார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள். தாடை வலிக்க வலிக்க மணிக்கணக்கில் அப்படியே. ஓத நீர் ஏறிவிட்டால் கரைக்கு வந்துவிட வேண்டும். விரல்கள் வேரிலும் சிப்பியிலும் கீறிக் கிடக்கும். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை வியாபாரி எடை போட்டு வாங்கிப் போய்விடுகிறார். அதில் நல்லது வெளியூருக்குப் போகிறது.

சிதம்பரம் ஹோட்டலில் நாம் "பிச்சாவரம் இறால்" என்று நினைத்துச் சாப்பிடுவது பல சமயம் கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கத்துப் பண்ணைகளில் வளர்த்த வன்னாமி இறால். அதில் தவறில்லை, பண்ணை இறாலும் நம் ஊர் ஆட்களின் உழைப்புதான். ஆனால் ருசி வேறு. ஆற்று இறால் வெந்தால் கெட்டியாக, இனிப்பாக இருக்கும், குழம்பே அதன் மணத்தை வாங்கிக்கொள்ளும். பண்ணை இறால் மென்மை, மசாலாவைத்தான் சுமக்கும். "பண்ணையா, ஆத்து இறாலா?" என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் சொல்லிவிடுவார்.

பிச்சாவரம் படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. படகுக்கு வரிசையில் நிற்கும் கூட்டம் எப்போதும் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் பக்கத்திலேயே இருக்கிறது. படகுத்துறையில் ஒரு சமையலறையை இருளர் பெண்களின் மகளிர் குழுவிடம் கொடுத்து, அன்று காலை தண்ணீரிலிருந்து வந்ததை மட்டும் சமைக்கச் சொல்லலாம். இறால் தொக்கு, நண்டு ரசம், மடவை மீன் குழம்பு, பக்கத்தில் சைவர்களுக்குச் சம்பா சாதமும் கொத்சும். விலைப்பலகை வாசலில். தீர்ந்தால் தீர்ந்தது என்று மூடிவிட வேண்டும். அரசுக்குக் கட்டடம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. பிடிக்கிறவர்களுக்கு வியாபாரி கொடுப்பதைவிடக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடக் கொடுத்தாலும் கட்டுபடியாகும். மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் வரும் ஆனித் திருமஞ்சனத்துக்கு முன் இதைத் தொடங்கட்டும். முதல் ஆளாக வந்து இலை போட்டு உட்காரத் தயாராக இருக்கிறேன்.